அம்மா உட்கார்ந்து குடித்த தேநீர்

அம்மா கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் 31 ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். அந்த 31 ஆண்டுகளில் ஒருநாள்கூட அவர் டீக்கடையில் உட்கார்ந்து டீ குடித்ததில்லை. எங்கள் ஊர்க் கடையின் பெஞ்சு ஆண்களுக்கு. பெண்கள் தூக்குவாளியை நீட்டி வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். எங்கும் எழுதி வைக்காத சட்டம்தான், ஆனாலும் மீறிய ஒருத்தி என் நினைவில் இல்லை. மலையில் வேலை நேரத்தில் குடிப்பது சாயத்தண்ணீர் என்கிற பால் இல்லாத தேநீர், அதுவும் நின்றபடி, முதுகில் கூடை இருக்கும்போதே.

இதை நான் ஊரில் இருந்தவரை யோசித்ததே இல்லை. செவிலியர் வேலைக்காக 2019இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்கு வந்தேன். அந்தக் குளிர்காலத்தில், தொடர்ந்து நான்கு இரவுப் பணி முடிந்த ஒரு வாரத்தில், என்னோடு வேலை செய்யும் மூத்த செவிலியர் ஒருவர் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு பக்கத்து மலைப்பகுதியான பீக் மாவட்டத்தின் ஒரு சிற்றூர்த் தேநீரகத்துக்குப் போனார். கல் வீடு, தாழ்ந்த கூரை, எட்டு மேசைகள். ஒரு மூலையில் கிழவி ஒருவர் தனியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் ஒரு பானைத் தேநீர். நாங்கள் உள்ளே போனபோதும் இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோதும் அவர் அங்கேயே இருந்தார். யாரும் அவரை எழுப்பவில்லை, ‘வேறு என்ன வேண்டும்’ என்று கேட்டு விரட்டவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அம்மாவின் தூக்குவாளிதான் ஞாபகத்தில் இருந்தது. அம்மாவை இங்கே கூட்டிவந்து இப்படி ஒரு மேசையில் உட்கார வைக்க வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். அது நடக்க ஆறு ஆண்டுகள் ஆயின. அதற்குள் நான் தனியாகப் போய்ப் போய்க் கற்றுக்கொண்டதையும், 2025இல் அம்மா ஐந்து மாதம் வந்திருந்தபோது கற்றதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: இந்நாட்டில் தேநீரகங்கள் பெருகிய கதையில் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஏரேட்டட் பிரெட் கம்பெனி என்ற ரொட்டி நிறுவனம் 1864இல் லண்டனில் தேநீர்க் கடை தொடங்கியது. 1894இல் லயன்ஸ் நிறுவனம் பிக்கடில்லியில் தன் முதல் கடையைத் திறந்தது. மதுக்கூடத்துக்குள் ஒரு பெண் தனியாக நுழைந்தால் பெயர் கெட்டுப்போகும் காலம் அது. துணைக்கு ஆண் இல்லாமல் வந்து உட்கார்ந்து, வயிறார எதையாவது சாப்பிட்டு, கழிவறையையும் பயன்படுத்திக்கொள்ள ஓர் இடம் கிடைத்தது என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிளாஸ்கோவில் கேட் கிரான்ஸ்டன் என்ற பெண்மணியே பல தேநீரகங்களை நடத்தினார். அவருக்காகக் கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் ரென்னி மெக்கின்டோஷ் வடிவமைத்த வில்லோ தேநீரகம் 1903இல் திறந்தது. வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்கள் கூடிப் பேசியதும் இப்படிப்பட்ட மேசைகளைச் சுற்றித்தான்.

இனி, இந்தத் தேநீரகங்களுக்குப் போவது எப்படி என்பது. முதல் இரண்டு ஆண்டுகள் நான் செய்த தவறு, ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைத்தது. காலையில் மாளிகை, மதியம் குகை, மாலையில் சந்தை, நடுவில் கிடைத்த இடத்தில் தேநீர். அப்படிப் போனால் தேநீரகத்திலும் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். இப்போது ஒரு நாளுக்கு ஒரு கடைதான். முதலில் கடையைத் தேர்ந்தெடுப்பேன். அது எந்தக் கிழமைகளில் திறக்கும், சமையலறை எப்போது மூடும், கடைசி பஸ் எப்போது என்று பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் அதைச் சுற்றி ஒரு நடையோ ஒரு தேவாலயமோ சேரும்.

இந்த வரிசையின் அருமை எனக்கு அம்மாவோடு போன முதல் பயணத்திலேயே உறைத்தது. மே மாதம். ஒரு சிற்றூர்க் கடை ஐந்து மணி வரை திறந்திருக்கும் என்று அதன் இணையப் பக்கத்தில் போட்டிருந்தது. வயல்வெளி வழியாக மெதுவாக நடந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி 3:40. நாற்காலிகள் மேசைமேல் கவிழ்த்துக் கிடந்தன. உள்ளே தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பையன் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கையை விரித்தான். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. தூறலும் ஆரம்பித்தது. செவிலியரான எனக்கு அந்த நிழற்குடையில் உட்கார்ந்திருந்த நேரம் பெரிய பயம். கைப்பையில் ஒரு குளுக்கோஸ் மாத்திரைகூட நான் எடுத்து வரவில்லை. அம்மாதான் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பொட்டுக்கடலையையும் வெல்லத்தையும் எடுத்து, எனக்கும் பாதி கொடுத்தார்.

அன்றிலிருந்து நான் மாறாமல் கடைப்பிடிப்பவை சில உண்டு. புறப்படும் காலையில் கடைக்குத் தொலைபேசியில் கேட்டுவிடுவேன். இணையத்தில் உள்ள நேரத்தை நம்புவதில்லை, ஏனென்றால் கூட்டம் இல்லாத நாளில் சிறு கடைக்காரர்கள் சீக்கிரமே மூடிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பலர் வீட்டு மனிதர்களை வைத்தே கடை நடத்துகிறார்கள். சூடான உணவு வேண்டுமென்றால் இரண்டரை மணிக்குள் போய்விட வேண்டும், அதற்குமேல் பெரும்பாலும் கேக்கும், ஸ்கோன் என்ற பன் போன்ற பண்டமும்தான். திங்கள், செவ்வாயில் மூடியிருக்கும் கடைகள் நிறைய. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வார இறுதியில் மட்டும் திறப்பவை உண்டு. டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்பதால் அந்த மாதங்களில் நடையை முதலில் முடித்துவிட்டுப் பிறகுதான் உட்கார வேண்டும். பையில் கடலை மிட்டாய் எப்போதும் இருக்கும்.

அம்மாவோடு போனதில் மிக நன்றாக அமைந்தது, பீக் மாவட்டத்துச் சிறு நகரமான பேக்வெல்லுக்குப் போன பயணம். ஷெஃபீல்டிலிருந்து 218ஆம் எண் பஸ், பாஸ்லோ, சாட்ஸ்வொர்த் வழியாக. இங்கிலாந்தின் பெரும்பாலான உள்ளூர் பஸ்களில் ஒரு வழிக்கு 3 பவுண்டுக்கு மேல் இல்லை என்ற வரம்பு 2025இல் இருந்தது. சுற்றுலா விசாவில் வருபவர்களுக்கு மூத்தோர் இலவச அட்டை கிடையாது, ஆகவே அந்த வரம்பு எங்களுக்குப் பேருதவி. மாடி பஸ் வந்தால் அம்மாவை மேலே முன் இருக்கையில் உட்கார வைப்பேன். திங்கட்கிழமை பேக்வெல்லில் சந்தை நாள், ஊரே நிறைந்திருக்கும். அமைதி வேண்டுபவர்கள் வேறு கிழமை பார்க்கலாம். அம்மாவுக்குச் சந்தைதான் பிடித்தது. ஆடுகளைப் பார்த்துவிட்டு, “நம் ஊர்ச் சந்தைதான், சத்தம் மட்டும் குறைவு” என்றார்.

பேக்வெல்லிலிருந்து மான்சல் தடம் என்ற பாதை போகிறது. முன்பு மிட்லண்ட் ரயில்பாதை. அந்தத் தடத்தில் 1968இல் ரயில் நின்றுபோனது. தண்டவாளம் போன வழியென்பதால் ஏற்ற இறக்கமே இல்லாமல் எட்டரை மைல் நீள்கிறது. மூட்டு வலிக்காரர்களுக்கும் சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் இதைவிட நல்ல பாதை இந்தப் பகுதியில் எனக்குத் தெரியாது. ஒரே எச்சரிக்கை: பழைய பேக்வெல் ரயில் நிலையம் ஊருக்கு மேலே இருக்கிறது, அதுவரைக்கும் செங்குத்தான ஏற்றம். நாங்கள் அந்த ஏற்றத்துக்கு மட்டும் டாக்ஸி பிடித்தோம். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மைல் நடந்தால் ஹாசப் நிலையம். ரயில் வராத அந்த நிலையக் கட்டடத்தில் இப்போது காஃபி, தேநீர், புத்தகம் எல்லாம் கிடைக்கின்றன. இன்னும் இரண்டு மைல் போனால் 2011இல் மீண்டும் திறந்த பழைய ரயில் சுரங்கப்பாதைகளில் ஒன்றும், அதைக் கடந்ததும் பள்ளத்தாக்கின்மேல் நிற்கும் பாலமும் வரும். அம்மா ஹாசப்போடு போதும் என்றார். நானும் வற்புறுத்தவில்லை. ரயில்மேடை இருந்த இடத்தில் வெயிலில் உட்கார்ந்தோம். இலங்கையிலிருந்து வந்த கதையை அன்று அம்மா முழுவதுமாகச் சொன்னார். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. நுவரெலியாப் பக்கம் பிறந்த அம்மா பத்து வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, அங்கிருந்து மண்டபம் அகதி முகாம், பிறகு நீலகிரி. வீட்டில் எத்தனையோ முறை கேட்டும் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடும் கதை. ஏன் அன்று சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வேறு வேலை எதுவும் கையில் இல்லாமல் அவர் உட்கார்ந்திருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

தேநீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பானைத் தேநீர் கேட்டால் ஒரு தட்டில் தேநீர்ப் பானை, சிறு குவளையில் குளிர்ந்த பால், கோப்பை, சர்க்கரை வரும். நல்ல கடையானால் வடிகட்டியும் தனியே ஒரு வெந்நீர்ப் பானையும் வரும். நம்மவர்களுக்கு இரண்டு இடத்தில் இடிக்கும். முதலாவது பால். குளிர்ந்த பாலை ஊற்றினால் தேநீர் ஆறிவிடுகிறது. ‘சூடான பால் கிடைக்குமா’ என்று கேட்டால் நான் போன எந்தக் கடையிலும் மறுத்ததில்லை. இரண்டாவது கடுமை. மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் முதல் கோப்பையை ஊற்றிக்கொள்ள வேண்டும். அரை மணி நேரம் அப்படியே விட்டால் துவர்ப்பு ஏறி நாக்கைப் பிடிக்கும். அப்போது வெந்நீர் கேட்டுக் கலந்துகொள்ளலாம், அதற்குக் காசு வாங்குவதில்லை. சுண்ணாம்புப் பாறைப் பகுதி நீரில் போட்ட தேநீரின்மேல் மெல்லிய ஆடை படியும். ஒரு கடையில் அதைப் பார்த்துவிட்டு அம்மா கோப்பை கழுவவில்லை என்று நினைத்துவிட்டார். அது கடின நீரின் வேலை, அழுக்கில்லை.

அம்மா எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் பானையின் மூடியைத் திறந்து பார்ப்பார். பை போட்டிருந்தால் ஒன்றும் சொல்லாமல் மூடிவிடுவார். பிரிட்டனுக்கு வரும் தேயிலையில் பெரும்பங்கு கென்யாவுடையது என்று சொன்னபோது, “அங்கேயும் பெண்கள்தான் பறிப்பார்களா?” என்று மட்டும் கேட்டார். ஜூலையில் ஒரு கடையில் இலைத்தூள் போட்டார்கள். பட்டியலில் ஆறேழு வகை இருந்தன. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது, ஆனால் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தார். சிலோன். குடும்ப அட்டையில் பார்த்துப் பார்த்து அந்த எழுத்துகளின் வடிவம் அவருக்குப் பழக்கம். அதையே வரவழைத்தோம். பானை காலியானதும் நனைந்த இலையைச் சாசரில் கொட்டி, விரலால் விரித்துப் பார்த்தார். “காம்பு இல்லை. கத்தரி போட்டு வெட்டியது இல்லை இது, கையால் கிள்ளியது” என்றார். கடைக்காரப் பெண்மணி அருகில் வந்து என்ன செய்கிறார் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா மேசைக்குமேல் வெறும் காற்றில் இரண்டு இலை ஒரு மொட்டைக் கிள்ளிக் காட்டினார். அந்தப் பெண்மணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இருபது ஆண்டுகளாகத் தேநீர் விற்கிறாராம், பறித்த ஒருவரை இதுவரை பார்த்ததில்லையாம்.

உணவு விஷயத்தில் வெள்ளிக்கிழமை, அமாவாசை பார்ப்பவர்கள் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். சில மாவுப் பண்டங்களில் பன்றிக் கொழுப்போ மாட்டுக் கொழுப்போ சேரும். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் இறைச்சிச் சாறு கலந்திருக்கலாம். ஜெல்லியிலும் மார்ஷ்மெல்லோவிலும் ஜெலட்டின் இருக்கும். ஸ்கோன் பெரும்பாலும் மாவு, வெண்ணெய், பால்தான், ஆனால் மேலே முட்டை பூசிச் சுடுவார்கள். கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்வார்கள். பதினான்கு ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றித் தகவல் தருவது இங்கே சட்டப்படி கடமை. இனிப்பே பிடிக்காதவர்களுக்குச் சீஸ் ஸ்கோன், சீஸ் டோஸ்ட், சுட்ட உருளைக்கிழங்கு உண்டு. அம்மாவுக்குப் பிடித்தது டோஸ்ட் செய்த டீகேக். பெயர்தான் கேக், உண்மையில் உலர்திராட்சை போட்ட பன், வெண்ணெய் தடவித் தருவார்கள். நம் ஊர்ப் பன் பட்டர் ஜாமின் உறவுக்காரன். பேக்வெல் புட்டிங்கை ஒருமுறை சுவைத்துப் பார்க்கலாம். அடுக்கு மாவு, ஜாம், மேலே முட்டையும் பாதாமும் கலந்த பூரணம். அது எனக்கு அளவுக்கு மீறிய தித்திப்பு.

ஸ்கோனில் ஜாமும் கிரீமும் எது முதலில் என்று இங்கிலாந்தின் டெவன், கார்ன்வால் பகுதிகள் சண்டையிடும் என்பது பலருக்கும் தெரியும்: டெவனில் கிரீம் முதலில், கார்ன்வாலில் ஜாம் முதலில். அதைவிட எனக்கு நெருக்கமான ஸ்கோன் கதை ஒன்று உண்டு. பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் இடங்கள் ஒவ்வொன்றிலும் ஸ்கோன் சாப்பிட்டுவிடுவது என்று ஒரு பெண்மணி 2013இல் கணவரோடு புறப்பட்டார். நடுவில் கணவர் புற்றுநோயில் இறந்துபோனார். அந்தப் பெண்மணி நிறுத்தவில்லை. 2023இல் 244ஆவது இடத்தில் முடித்தார். புற்றுநோய்ப் பிரிவில் வேலை செய்பவளாக, அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடை அல்லாத தேநீரகங்களும் உண்டு, அவற்றைத் தவறவிடக் கூடாது. கோடையில் தனியார் வீட்டுத் தோட்டங்களை நேஷனல் கார்டன் ஸ்கீம் மூலம் ஒரு நாள், இரண்டு நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். நுழைவுக் கட்டணமும் தேநீர்க் காசும் அறக்கொடைக்குப் போகும். கேக் எல்லாம் வீட்டில் சுட்டது. இது 1927இல் தொடங்கியது. தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கி, முதல் ஆண்டிலேயே 609 தோட்டங்கள் திறந்தன. வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர்களுக்காகத்தான் அந்தப் பணம் திரட்டப்பட்டது. இன்றைக்கும் செவிலியர் அறக்கட்டளைகள் அதிலிருந்து பெறுகின்றன. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தத் தோட்டங்களில் நான் மறுக்காமல் இரண்டாவது துண்டு கேக் வாங்குகிறேன். இங்கே அட்டை இயந்திரம் இல்லாமலும் இருக்கலாம், சில்லறை எடுத்துச் செல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு ஆயிரக்கணக்கில் வருபவர்கள் பலர் அருகிலுள்ள என்சரை விட்டுவிடுகிறார்கள். எழுத்தைக் கூட்டிப் படித்தால் ‘எடன்சர்’ என்று வரும், சொல்வது என்சர். மாளிகையின் பிரபு 1838க்குப் பிறகு ஊரையே பெயர்த்து இப்போதிருக்கும் இடத்தில் கட்ட வைத்தார்; பொறுப்பேற்ற ஜோசப் பாக்ஸ்டன் பின்னால் லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகையை வடிவமைத்தவர். ஒரு வீடு போல இன்னொன்று இல்லை. ஊருக்குள் ஒரு சிறிய தேநீரகம். அம்மா அங்கே வீடுகளைப் பார்த்துவிட்டு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பன்னிரண்டு வீடும் ஒன்றுபோல இருந்ததைச் சொன்னார்.

பேக்வெல்லில் கோடையில் கிணறு அலங்கரிக்கும் வழக்கம் உண்டு. மரப்பலகையில் ஈரக் களிமண்ணைப் பூசி, பூவிதழ், பாசி, விதைகளை அழுத்தி ஒரு படம் செய்து நீரூற்றின்மேல் நிறுத்துவார்கள். டர்பிஷயர் சிற்றூர்கள் பலவற்றில் மே முதல் செப்டம்பர் வரை மாறி மாறி நடக்கும். அந்த வாரங்களில் ஊர்ப் பொது மண்டபத்திலோ தேவாலயத்திலோ பெண்கள் தேநீரும் கேக்கும் விற்பார்கள், விலையும் குறைவு. அம்மா பலகையின் அருகே போய், ஒவ்வொரு இதழும் எப்படி ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கிறது என்று நின்று பார்த்தார். மழை நீர் வழிய அப்படித்தான் வைக்க வேண்டும் என்று ஒரு முதியவர் விளக்கினார். வாசல் கோலத்துக்குக் குனிந்தே பழகிய அம்மா, நிமிர்ந்து நிற்கும் கோலம் என்று அதற்குப் பெயர் வைத்தார்.

இதில் பெயர் பெற்ற ஊர் டிஸிங்டன். வழக்கமாக இயேசு விண்ணேற்ற நாளில் அலங்காரம் தொடங்கும், 2026இல் அந்த நாள் மே 14, வியாழக்கிழமை. இதழ்கள் வாடிவிடும், ஒரு வாரம் தாங்கினால் அதிகம். எனவே முதல் இரண்டு நாளுக்குள் போக வேண்டும். அம்மாவுக்கு ஏப்ரல் கடைசியில் டிக்கெட் போட்டிருக்கிறேன். மூத்த செவிலியர் காரைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், நானும் அந்த வியாழனுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அதற்கு முன்னால், சிலோன் தேநீர் போட்ட அந்தக் கடைக்கு ஒருமுறை போக வேண்டும். அந்தப் பெண்மணிக்காக அம்மா கோத்தகிரித் தேயிலை அரைக் கிலோ எடுத்து வைத்திருக்கிறாராம். இலைத்தூள், டஸ்ட் இல்லை என்று தொலைபேசியில் இரண்டு முறை சொன்னார். அந்தக் கடை புதன் முதல் ஞாயிறு வரைதான் திறந்திருக்கும். காலையில் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் புறப்படுவோம்.